பக்கத்து நாற்காலி

துணைக்கு வந்த மனிதர் ஒரு வார்த்தைகூட ஆறுதலாகப் பேசவில்லை.

தலைமையாசிரியை அறைக்கு வெளியே, பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்காம். சட்டைக் கையில் கிரீஸ் கறை. சரியாகத் தூங்காத கண்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் அவள், கைப்பையைத் திறந்து திறந்து மூடினாள். பக்கத்தில் மகள், அழுதழுது முகம் வீங்கி.

போன வாரம் பள்ளிகளுக்கிடையே கூடைப்பந்துப் போட்டி. தோற்ற ஆத்திரத்தில் மகள், ஜெயித்த பள்ளிப் பெண் ஒருத்தியைப் படிக்கட்டில் தள்ளிவிட்டாள். அந்தப் பெண்ணுக்குக் கை முறிந்துவிட்டது. இன்றைக்கு விசாரணை. பள்ளியை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு.

"தனியா போகாதீங்கம்மா," என்று பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வட்டாரச் செயலாளர்தான் போனில் சொன்னார். "நம்ம வட்டாரத்துல எந்தப் பள்ளியில விசாரணைன்னாலும், பெத்தவங்க பக்கத்து நாற்காலியில கழகத்து ஆள் ஒருத்தர் உட்காருவார். அதே பள்ளிக்காரரா இருந்தா வேண்டியவர், வேண்டாதவர்னு ஆயிடும். அதனால வேற பள்ளியில பிள்ளை படிக்கிறவர்தான் வருவார். இந்த மாசம் யார் முறையோ அவர்."

வந்து சேர்ந்தவர் இவர்.

"அண்ணா," என்று மெல்ல ஆரம்பித்தாள். "அந்தப் பொண்ணு வீட்டுல ரொம்பக் கோபமா இருப்பாங்க, இல்ல?"

"இருக்கத்தானே செய்யும்."

இதைச் சொல்லத்தான் வந்தாரா? அவளுக்கு எரிச்சலாக வந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"என்ன நடந்தது?"

மகள் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "கால் இடறி மேல விழுந்துட்டா மேடம். வேணும்னு செய்யல." வீட்டிலேயே மகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கிய வார்த்தைகள்.

"பிள்ளை பேசட்டும்மா," என்றார் துணைக்கு வந்தவர். மகள் பக்கம் திரும்பினார். "நிஜமாவே கால் இடறிச்சாம்மா?"

அவளுக்குப் பகீரென்றது. இவர் யார் பக்கத்து ஆள்?

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல. நான்தான் தள்ளினேன்."

எல்லாம் போச்சு.

"அப்புறம் என்ன இருக்கு விசாரிக்க?" என்றார் தலைமையாசிரியை. "வேற பள்ளி பார்த்துக்கங்க."

"ஒரு நிமிஷம் மேடம்." அவர் எழுந்து நின்றார். "பொய் சொல்லியிருந்தா நானே எழுந்து போயிருப்பேன். உண்மையைச் சொன்ன பிள்ளையை வெளிய அனுப்பினா, நாளைக்கு இந்த அறைக்கு வர்ற பிள்ளை எதைச் சொல்லும்?"

தலைமையாசிரியை கையிலிருந்த பேனாவை மூடினார்.

"இந்த வருஷம் விளையாட விடாதீங்க. அந்தப் பொண்ணுக்குக் கட்டுப் பிரிக்கிற வரைக்கும் தினம் சாயங்காலம் போய்ப் பாடம் எழுதிக் குடுக்கட்டும். செஞ்சது என்னன்னு பக்கத்துல உட்கார்ந்து பார்த்தாதான் தெரியும்."

"நாம சொன்னாப் போதுமா? அந்த வீட்டுல வாசப்படி ஏற விடணுமே."

"விடுவாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

அவரை ஏற இறங்கப் பார்த்தார் தலைமையாசிரியை. பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "சரி. உங்க கழகத்தை நம்பி விடறேன்."

வெளியே வந்ததும் அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களைத் தப்பா நினைச்சிட்டேன் அண்ணா."

"பரவாயில்லம்மா."

"இப்பவே அந்த வீட்டுக்குப் போயிடலாம்னு பார்க்கிறேன். தள்ளிப் போட்டா தைரியம் வராது." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போறதுன்னுதான் தெரியல. அவங்க அப்பா என்ன சொல்வாரோ."

அவர் வண்டிச் சாவியை எடுத்தார். தலைகுனிந்து நின்ற மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பயப்படாதீங்க. என் வண்டி பின்னாலயே வாங்க," என்றார். "வலிக்கு மாத்திரை போட்டுப் படுத்திருந்தா. இந்நேரம் எழுந்திருப்பா, என் பொண்ணு."