மாமனார் போனில் ஏறாத ஆப்

"என்ன தம்பி, ஏறுதா?"

ரகுநாதன் கேட்டதும் ஸ்ரீநாத் திரையை மறுபடி தட்டிப் பார்த்தான். பெண் பார்க்க வந்த இடத்தில் கேசரி வரும், பஜ்ஜி வரும் என்று நினைத்திருந்தான். அம்பத்தூரில் அந்த வீட்டு சோபாவில் உட்கார்ந்த மறுநிமிடமே பெண்ணின் அப்பா ரகுநாதன் தன் புதுப் போனை அவன் கையில் திணித்துவிட்டார்.

"லோக்கல் ட்ரெயின் எந்த ஸ்டேஷன்ல நிக்குதுன்னு சொல்ற ஆப். என்கூட வர்றவங்க எல்லாரும் வச்சிருக்காங்க. ப்ளே ஸ்டோர்ல கிடையாது, வாட்ஸப்ல அனுப்பிக்கறதுதான். பழைய போன்ல ஜம்முனு ஓடுச்சு. இது முரண்டு பிடிக்குது."

திரையில் எழுத்துகள் மின்னின. 'இந்த ஆப்பை உருவாக்கியவரின் அடையாளம் சரிபார்க்கப்படவில்லை. நிறுவ முடியாது.'

"ஐ.டி. மாப்ளைக்கு இதெல்லாம் ஜுஜுபி அண்ணாத்தே," என்றார் பக்கத்து ஊரான பாடியிலிருந்து வந்திருந்த கல்யாணத் தரகர் வேம்புலி. "இன்னா தம்பி, சொல்லு."

"பண்ணிடலாம் சார்."

"சாரு இன்னா சாரு? மாமான்னு கூப்ட்டுப் பழகு."

ஸ்ரீநாத்தின் அம்மா மைதிலி பெருமையாகச் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பெண் வர்ஷாவின் புகைப்படம் வந்த நாளிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை. அதில் ரயில் நிலைய நடைமேடையில், காற்றில் முடி பறக்க, யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த இடம் அமைய வேண்டும். ஒரு போன் விஷயத்தில் போய் சறுக்கிவிடக் கூடாது.

போனின் செட்டிங்ஸுக்குள் நுழைந்தான். ஒரே இடத்தில் விடாமல் தட்டினான். மறைந்திருந்த பகுதி ஒன்று திறந்தது.

"பாத்தியா, தட்டத் தட்ட தொறக்குது," என்று வேம்புலி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ரகுநாதன் ஒரு தோளுக்கு மேல், மைதிலி மறு தோளுக்கு மேல். போன் ஒரு கேள்வி கேட்டது. 'இதைச் செய்யும்படி யாராவது உங்களை வற்புறுத்துகிறார்களா?'

சுற்றியிருந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணு பேருன்னு போடலாமா?" என்றார் ரகுநாதன்.

எல்லாரும் சிரித்தார்கள். உள்ளறையிலிருந்தும் ஒரு சிரிப்பு கேட்டது. அவள்தான். ஸ்ரீநாத்தின் விரல்களுக்குப் புது வேகம் வந்தது. போன் அணைந்து மறுபடி உயிர்பெற்றது. கடைசி ஓவர் பார்க்கிற மாதிரி நாலு தலைகளும் குனிந்தன.

'பாதுகாப்புக்காக ஒரு நாள் காத்திருந்து மீண்டும் முயலவும்.'

"ஒரு நாளா? நாளைக்குக் காலைல எனக்கு ட்ரெயின் இருக்கே தம்பி. வேற வழி கிடையாதா?"

"ரெண்டு வழி இருக்கு மாமா. ஆப் எழுதினவரு தன் அடையாளத்தைக் காட்டிப் பதிவு பண்ணிட்டா தானா ஏறிடும்."

"அந்தாள எங்க போயி தேடறது? ரெண்டாவது வழிய சொல்லு," என்றார் வேம்புலி.

"லேப்டாப்ல கேபிளப் போட்டு, போன்ல இருக்கற காவலையெல்லாம் அணைச்சுட்டு, உள்ள தள்ளிடலாம். அஞ்சு நிமிஷ வேலை."

"அப்ப தள்ளு."

மைதிலி அவன் காதருகே குனிந்தாள். "லேப்டாப் கார்லதானடா கீழ இருக்கு? ஓடிப் போய் எடுத்துட்டு வா. இதை முடிச்சாத்தான் பொண்ணையே கண்ணுல காட்டுவாங்க போல."

இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி ஏறினான். கேபிளை மாட்டினான். காவலை அணைக்கும் பொத்தானின் மேல் விரலை வைத்தபோது திரையின் உச்சியில் ஒரு குறுஞ்செய்தி எட்டிப் பார்த்தது. வங்கியிலிருந்து.

"மாமா, பேங்க் கணக்கெல்லாம் இந்தப் போன்லயா?"

"எல்லாமே அதுலதான். வர்ஷா கல்யாணத்துக்குச் சேத்து வச்சதும்."

விரல் அப்படியே நின்றது. வேம்புலி "அமுக்கு, அமுக்கு" என்றார். ஸ்ரீநாத் கேபிளை உருவினான்.

"இல்ல மாமா. இதை நான் போட்டுத் தர மாட்டேன்."

"இன்னா தம்பி, மானத்த வாங்கற?"

"எழுதினவரு நல்லவராவே இருக்கலாம். ஆனா அவரு யாருன்னு எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையப் பத்தி நாலு எடத்துல விசாரிக்கிறீங்க இல்ல, அந்த மாதிரிதான் இதுவும். தெரியாத ஆளை உங்க போனுக்குள்ள விட்டுட்டு என்னால நிம்மதியா வீட்டுக்குப் போக முடியாது. யாருன்னு நானே விசாரிச்சுட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் ட்ரெயினை எட்டிப் பாத்தே ஏறிக்குங்க."

ரகுநாதன் போனை வாங்கி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"அவ்ளோதான், பூட்ச்சி," என்று வேம்புலி முணுமுணுத்தார்.

"இத்தனை படிச்சுட்டு ஒரு போனுக்கு வக்கில்ல," என்று பல்லைக் கடித்தபடி மைதிலி எழுந்தாள். ஸ்ரீநாத் லேப்டாப்பை மூடினான். நடைமேடைச் சிரிப்பு ஒரு கணம் கண்ணுக்குள் வந்து போனது.

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. பட்டுப்புடவையில் வர்ஷா வந்தாள். கையில் காபித் தட்டு இல்லை. நேராக வந்து அவன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"விசாரிக்க எங்கயும் போக வேணாம், அந்த ஆப் நான் எழுதினது," என்றாள். "என்னோட அடையாளச் சரிபார்ப்பெல்லாம் எப்பவோ முடிஞ்சுடுச்சு, இது பொண்ணு பாக்க வர்றவங்களச் சோதிக்கன்னே பதிவு பண்ணாம வச்சிருக்கற காப்பி, இதுக்கு முன்னாடி வந்த மூணு பேரும் அஞ்சே நிமிஷத்துல அப்பா போன்ல ஏத்திக் குடுத்துட்டுப் போயிட்டாங்க."