வூஃபர் கேட்ட ஒரே பேச்சு

ஒரு காரின் டிக்கியில் வூஃபர் பெட்டி ஒன்று இருந்தது. ஆள் பெரியது. ஆனால் அதற்குக் கிடைத்தது வெறும் திம் திம் மட்டும்தான். குரலையெல்லாம் கதவு ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும் கிராஸ்ஓவர். சத்தத்தைப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை.

"அண்ணே, முன்னாடி என்னதான் பாடுறாங்க? ஒரு வார்த்தை கேட்டாப் போதும்ணே" என்றது வூஃபர்.

"மெக்கானிக் என் டயலை எண்பது ஹெர்ட்ஸ்ல வச்சிட்டுப் போயிருக்கார். அதுக்கு மேல போற சத்தம், குரல் எதுவும் உனக்குக் கிடையாது. கம்முனு இடி."

வூஃபர் விடவில்லை. மூன்று மாதம் நச்சரித்தது. தொல்லை தாங்காமல் கிராஸ்ஓவர் ஒருநாள் டயலை ஏற்றிவிட்டது. "ஒரே ஒரு தரம். அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது."

அந்த நேரம் பார்த்துப் பாட்டு நின்றது. காரோட்டிக்கு அவர் மனைவியிடமிருந்து போன். அதுவும் ஸ்பீக்கரில்தான் வரும்.

"ஏங்க, அந்தக் கறுப்புப் பெட்டியை எப்பக் கழட்டப் போறீங்க? இடி தாங்கல. தலையே வலிக்குது."

வூஃபர் தன் கறுப்பு உடம்பை ஒருமுறை பார்த்துக்கொண்டது. பிறகு, "அண்ணே, எண்பதுலயே வச்சிடுங்க" என்றது.

கிராஸ்ஓவர் டயலை இறக்கியது. அன்றிலிருந்து வூஃபர் பயந்து பயந்து, பூப்போல இடித்தது. பாட்டும் அழகாகத்தான் இருந்தது.

மறுவாரம் அதே அம்மா போனில் சொன்னார். "பெட்டி இருக்கட்டுங்க. இப்ப நல்லாத்தான் இருக்கு."

கதவு ஸ்பீக்கர் கேட்டது. காரோட்டி கேட்டார். வூஃபருக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. என்றைக்குக் கழட்டுவார்களோ என்று அது இன்னும் மெதுவாகவே இடித்துக்கொண்டிருக்கிறது.