இரண்டு செங்கல் உயரம்

"உண்மையைச் சொல்லுங்க மேஸ்திரி! உங்க வீட்டுக்காரம்மா குறட்டை விடுவாங்களா, மாட்டாங்களா?"

ஆபரேஷன் தியேட்டர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்த நர்ஸ், மூச்சிரைக்கக் கேட்டாள். பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார் கொத்தனார்.

"என்னம்மா ஆச்சு அவளுக்கு?"

"பயப்படாதீங்க. மயக்கம் குடுத்தாச்சு. மூச்சுக்குழல்ல டியூப் போடணும், தொண்டைக்குள்ள வழியே தெரியல. டாக்டரம்மா மாஸ்க் வெச்சு ஆக்சிஜன் குடுத்துட்டு இருக்காங்க. இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்பாங்க. போகலைன்னா தெளிய வெச்சு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

மூன்று மாதமாகப் பித்தப்பைக் கல்லோடு சுருண்டு சுருண்டு படுத்தவள். மறுபடியும் அதே வலியா?

"அதுக்கும் குறட்டைக்கும் என்னம்மா?"

"நிறைய இருக்கு. குறட்டை விடுறவங்களுக்குத் தலையை வேற மாதிரி வைக்கணும். நேத்து டாக்டரம்மா கேட்டப்போ என்ன சொன்னீங்க?"

"அவ பூனை மாதிரித் தூங்குவா, குறட்டையெல்லாம் என் டிபார்ட்மென்ட்டுன்னு…" அவர் இழுத்தார்.

"ஊருக்கே தெரியுமே சிஸ்டர்!" பெஞ்சிலிருந்த மச்சான் சிரித்தான். "எங்க அக்கா பாவம், இருபத்திரண்டு வருஷமா இந்தக் கலவை மெஷின் பக்கத்துல படுத்துக் கெடக்கு."

கொத்தனார் மச்சானைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு கொட்டிவிட்டார்.

"மெஷின் நான் இல்லம்மா. அவதான்!"

மச்சான் வாய் பிளந்தான்.

"கல்யாணமான மறுநாள், வீடு நிறைய சொந்தக்காரங்க. யாருய்யா ராத்திரி பூரா குறட்டைன்னு ஒருத்தர் கேட்டார். புதுப்பொண்ணு, மொகம் சுண்டிடுமேன்னு, நான்தான்னு சொல்லிட்டேன். அதையே இன்னிக்கு வரைக்கும் காப்பாத்திட்டு வரேன்."

"சரி, சரி! எப்படிப் படுத்தா சத்தம் நிக்கும்?"

அது அவருக்கு அத்துப்படி. "தலைக்கு மட்டும் தலையணை வெச்சா ஆகாதும்மா, தாடை நெஞ்சுல இடிக்கும். தோளுக்கு அடியில ஒரு செங்கல் உயரத்துக்குப் போர்வையை மடிச்சு, சரிவா முட்டுக் குடுக்கணும். அதுக்கு மேல தலைக்கு இன்னொரு செங்கல் உயரம். பக்கவாட்டுல நின்னு பார்த்தா காது ஓட்டையும் நெஞ்செலும்பும் ஒரே மட்டத்துல வரணும். மொகம் விட்டத்தைப் பார்க்கணும். அப்படியே சத்தம் அடங்கிடும்."

நர்ஸ் அசந்துபோனாள். "இதைத்தான் டாக்டரம்மா படிச்சுட்டு வந்திருக்காங்க! ஆளு ஒல்லி, குறட்டையும் இல்லைன்னதால சாதாரணமா ஒரு தலையணை வெச்சாங்க." அடுத்த நொடி கதவு ஆடிக்கொண்டிருந்தது, அவளைக் காணோம்.

ஐந்து நிமிஷம். கொத்தனார் தரையில் பதித்த ஓடுகளை எண்ணினார். எண்ணிக்கை இரண்டு தடவை தப்பியது.

கதவு லேசாகத் திறந்தது. நர்ஸ் கட்டைவிரலை உயர்த்தினாள். "நீங்க சொன்ன உயரம், சொன்ன மட்டம். வழி பளிச்சுன்னு தெரிஞ்சுது. டியூப் போயிடுச்சு!"

கொத்தனார் மச்சானைக் கட்டிப்பிடித்தார். உடனே காதைப் பிடித்துத் திருகினார். "டேய், அவகிட்ட மூச்சு விட்டே, கொன்னுடுவேன்!"

ஆனால் மச்சான் வாய் எப்போது சும்மா இருந்தது? சாயங்காலம் கொத்தனார் மாத்திரை வாங்கிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தபோது, கட்டிலில் சாய்ந்திருந்த மனைவி கண்ணெடுக்காமல் அவரையே பார்த்தாள். மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எல்லாத்தையும் சொல்லிட்டான்" என்றாள்.

"அது வந்து… நீ சங்கடப்படக் கூடாதுன்னுதான்…"

"கிட்ட வாங்க."

திட்டு நிச்சயம் என்று தலையைக் குனிந்தபடி போனார். அவள் அவர் காதைப் பிடித்து இழுத்தாள்.

"அது என் குறட்டைன்னு முதல் வருஷமே எனக்குத் தெரியும்" என்று கிசுகிசுத்தாள். "நீங்க என் தலையைத் தூக்கி மெதுவா வைக்கிறது அவ்வளவு சுகமா இருக்கும். அதனாலதான் பாதி நாள் முழிச்சுக்கிட்டே குறட்டை விட்டேன்."