நாலு விரல் குறைந்த குழாய்

கோடையில் கம்ப்யூட்டர் சூடேறி அடிக்கடி அணைந்துபோனது. அழைப்பிதழ் அச்சடிக்கும் வில்சன் ஓர் இனிப்புப் பெட்டியை வெட்டி, டேப் ஒட்டிக் குழாயாக்கி, கம்ப்யூட்டருக்குள் வைத்தார். பிராசசரின் சூட்டை வாங்கிப் பின்பக்க ஓட்டை வழியாக வெளியே விடுவது அதன் வேலை. ஆனால் அட்டை நாலு விரல் குறைந்துவிட்டது. குழாயின் வாய் ஹார்டு டிஸ்க்கின் தலைக்கு மேலேயே நின்றுவிட்டது.

"அப்பாடா! இப்போதுதான் மூச்சு விட முடிகிறது," என்றது பிராசசர்.

"இங்கே கொதிக்கிறதே அண்ணே," என்றது ஹார்டு டிஸ்க்.

"சும்மா சொல்லாதே. திரையைப் பார், நாற்பத்தெட்டு டிகிரிதான்."

"அது உங்கள் சூடு அண்ணே. என் சூட்டை யார் அளக்கிறார்கள்? கொஞ்சம் மெதுவாக ஓடுங்களேன்."

"இவ்வளவு சுகமாக இருக்கும்போதா?" என்ற பிராசசர் குழாயிடம் திரும்பியது. "நீயே சொல்லப்பா, உன் வேலையில் ஏதாவது குறை உண்டா?"

"உங்களிடம் வாங்கியதில் துளிகூட நான் வைத்துக்கொள்வதில்லை அண்ணே," என்றது குழாய். "அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்."

"பார்த்தாயா, எவ்வளவு நேர்மையானவன்!" என்றது பிராசசர்.

மூன்றாம் வாரம் ஹார்டு டிஸ்க் டக் டக்கென்று இரண்டு முறை அடித்துவிட்டு ஓய்ந்தது. பாதி முடித்த அழைப்பிதழ்கள் எல்லாம் அதோடு போயின.

பிராசசர் அடுத்த வேலைக்காகக் காத்திருந்தது. எங்கிருந்தும் ஒன்றும் வரவில்லை. அத்தனை குளிர்ச்சியை அது வாழ்நாளில் கண்டதே இல்லை.