ஒரு வரிகூட

முதலில் துரோகம் செய்தது மச்சான்தான். இதில் மெக்கானிக்குக்கு இன்றுவரை சந்தேகமே கிடையாது.

கடைகடையாகப் போய் வீடியோ கேம் பெட்டிகளைப் பழுது பார்த்துப் பிழைத்தவர் என்பதால் அந்தப் பெயர். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. பழைய புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு சி என்கிற கம்ப்யூட்டர் மொழியைத் தானாகவே கற்றுக்கொண்டார். மனைவியின் அண்ணனான மச்சான் கேம் கம்பெனி தொடங்கியபோது, அந்த சி மொழியிலேயே அவருக்கு ஒரு சின்ன மொழியை உண்டாக்கிக் கொடுத்தார்.

கதை எழுதுகிறவர்கள் அந்த மொழியில் 'கதவு திறந்தால் விளக்கு எரியட்டும்' என்கிற மாதிரி எழுதினால் போதும். மெக்கானிக்கின் கம்பைலர் அதை எண்களாக மாற்றும். கேமின் வயிற்றுக்குள் அவர் பதித்து வைத்திருந்த இன்னொரு புரோகிராம், அந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னதைச் செய்யும். கையால் தொட முடியாத இயந்திரம். கம்பெனியில் அதை 'மெஷின்' என்றே சொன்னார்கள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு மதியம். கேமை விலைக்கு வாங்க வந்தவருக்கு அதை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கேபிள் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பிய மெக்கானிக், கதவுக்கு வெளியே நின்றபடி மச்சானின் குரலைக் கேட்டார்.

"மெஷின் முழுக்க நான் எழுதினது சார். என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு இதுல ஒரு வரிகூட சம்பந்தமில்ல."

கேபிளை வாசலில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர்தான். மச்சான் மூன்று தடவை தேடி வந்தார். மூன்று தடவையும் கதவு திறக்கவில்லை. கேம் வெளியானது. அதில் மெக்கானிக்கின் பேர் இல்லை. மச்சான் மகளின் கல்யாணத்துக்கு மனைவியை மட்டும் அனுப்பினார்.

அந்த மகள்தான் இப்போது கம்பெனியை நடத்துகிறாள். பழைய கேமை செல்போனுக்குக் கொண்டுவர வேண்டும். மெஷின் யாருக்கும் பிடிபடவில்லை.

"நீங்க வந்தாத்தான் மாமா ஆகும்" என்று போன் செய்தாள்.

"வர்றேன். என் பேரு கேம்ல வரணும். உங்கப்பன் எல்லார் முன்னாடியும் என்கிட்ட மன்னிப்பு கேக்கணும்."

நீள மேஜையைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் மச்சான். ஆபரேஷனுக்குப் பிறகு ஆள் பாதியாகியிருந்தார்.

"பேரைப் போடச் சொல்லிட்டேன் மாப்பிள்ளை. அப்பவே போட்டிருக்கணும்" என்றார் மச்சான். "மன்னிப்பு மட்டும் கேக்க முடியாது."

"பாத்தியாம்மா? உடம்பு இளைச்சும் வீம்பு இளைக்கல" என்றார் மெக்கானிக்.

"ஒரு வார்த்தைதானேப்பா" என்றாள் மகள்.

"முடியாதும்மா."

"சரி. இதுல எது இவர் வரின்னு நானே தேடிப் பாக்குறேன். ஒண்ணு கிடைச்சாலும் எழுந்து போயிடுறேன்" என்றார் மெக்கானிக்.

பழைய டிஸ்க்கிலிருந்து அன்று காலையில்தான் அந்தப் புரோகிராமை இறக்கியிருந்தார்கள். ஆறாயிரம் வரி. மெக்கானிக் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பஞ்சாயத்தில் சாட்சி சொல்கிற மாதிரி உரக்க ஆரம்பித்தார்.

"இது வார்த்தை வார்த்தையாப் பிரிக்கிற இடம். என்னோடது. இது எண்ணா மாத்துற இடம். இதை எழுதுனப்ப எனக்கு நாலு நாள் காய்ச்சல். உங்க அத்தையைக் கேளு. இதுவும் என்னோடது. இதுதான் மெஷின் சுத்துற இடம். இது..."

குரல் நின்றது.

நடுவில் மூன்று வரிகள் அவருடையவை அல்ல. மெஷின் எத்தனை கட்டளைகளைச் செய்தது என்று எண்ணும் வரிகள். எண்ணிக்கை எல்லை தாண்டினால், நிறுத்திவிட்டு கேமுக்கு வழி விடும்.

அப்படி எண்ணுகிற வரியைத் தான் எழுதவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. 'வாசல் மூடும்வரை நாய் குரைக்கட்டும்' என்று யாராவது எழுதி, வாசல் மூடாமலே போனால், அவருடைய மெஷின் குரைப்பை விட்டு வெளியே வராது. மொத்த கேமும் உறைந்து நிற்கும்.

அந்த வரிகளுக்கு மேலே ஒரு தேதி. கேபிள் வாங்கப் போன அதே நாள். அதன் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் தமிழ்க் குறிப்பு:

'வாங்க வந்தவர் முன்னாடி கேம் உறைஞ்சு நின்னுடுச்சு. இதை எழுதினவனை முதல்ல துரத்துங்கன்னார். நான்தான் எழுதினேன்னு சொல்லிட்டேன்.'

மெக்கானிக் இரண்டு தடவை படித்தார்.

"என்ன மாமா, நிறுத்திட்டீங்க? அது யாரோட வரி?"

எட்டு முகங்களும் அவரையே பார்த்தன. மச்சானுடையது என்றால், அது எதற்குத் தேவைப்பட்டது என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும்.

"அதுவும் மாப்பிள்ளையோடதுதான்மா" என்றார் மச்சான், ஜன்னலைப் பார்த்தபடி. "மேல படிக்கச் சொல்லு."

மெக்கானிக் எழுந்து ஜன்னலோரம் போனார். பத்தொன்பது வருஷமாகச் சொல்லாத வார்த்தையைத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மச்சான்... அப்படி இருந்தும் எனக்கு அந்த மன்னிப்பு வேணும். கேட்டா என்ன?"

"கேக்கலாம் மாப்பிள்ளை" என்றார் மச்சான், அதைவிடத் தாழ்ந்த குரலில். "அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னேன்னு இந்தப் பசங்க கேட்டா, என்ன சொல்றது?"