இரண்டு செகண்டு இலக்கு

கிரானைட் வேலையில் கையை இழந்த குடிபாலா ஊர் முனிரத்தினத்துக்குத் திருப்பதி ஆஸ்பத்திரியில் செயற்கைக் கை பொருத்தினார்கள்.

"உங்க லட்சியம் என்ன? கையெழுத்தா, பைக்கா?" என்றார் பயிற்சியாளர் வைஜயந்தி.

"ரெண்டே செகண்டுல இதைக் கழட்டணும் மேடம்."

"எல்லாரும் மாட்டத்தானே கத்துக்குவாங்க!"

முனிரத்தினம் ஒரு மாதம் வெறியோடு பழகினார். 'விடாமுயற்சியின் சிகரம்' என்று பெரிய டாக்டர் சால்வையே போர்த்தினார்.

வீடு திரும்பிய மறுநாள் சமையலறையிலிருந்து மனைவி சுமித்ரா கூப்பிட்டாள்.

"இன்னாய்யா பண்ணிக்கினு கீற? தேங்கா துருவ வா!"

அவள் எட்டிப் பார்ப்பதற்குள் கை மேசைமேல் கிடந்தது.

"அடடா, இப்பத்தான் கழட்டினேன். திரும்ப மாட்ட அரை மணி ஆவுமே!"

சுமித்ரா கையை எடுத்தாள். கண்ணிமைப்பதற்குள் அது முனிரத்தினத்தின் முழங்கையில் ஏறிவிட்டது.

"வீட்டுக்காரம்மா லட்சியம் இன்னான்னு அந்த மேடம் என்னையும் கேட்டாங்கய்யா. என்னுது ஒரே செகண்டு!"