தலைக்கு ஏற்ற உடம்பு

“தலை ரெடி, அண்ணாச்சி. உடம்புதான் வேணும்” என்றாள் ஆர்த்தி, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

காசிராஜனின் சிவகாசி அச்சகத்தில் உடம்புக்கா பஞ்சம்? கோட்டுப் போட்டது, பட்டு வேட்டி கட்டியது, கனத்த சங்கிலி தொங்கவிட்டது என்று ரகத்துக்கு நூறு கிடந்தது. ஆயுசில் கோட்டைத் தொட்டே பார்க்காத எத்தனையோ பேர், செத்த பிறகு நினைவஞ்சலிப் படத்தில் அவர் தயவால் கோட்டுப் போட்டிருக்கிறார்கள்.

எதிரே நின்ற செல்லச்சாமிக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை. மகன் முத்துப்பாண்டிக்கு நாளை முதலாமாண்டு நினைவு நாள். கையோடு கொண்டு வந்திருந்தது, பாஸ்போர்ட் அளவில் ஒரே ஒரு முகம்.

“எப்படித் தவறுனாரு?”

“பட்டாளத்துல, மொதலாளி. வெளிநாட்டுல குண்டு விழுந்துருச்சு. இருபத்துமூணு வயசு.”

காசிராஜன் எழுந்தே விட்டார். “இதை மொதல்ல சொல்ல வேணாமா? உக்காருங்க. அமைதிப்படைன்னு அனுப்புவாங்களே, அதான? நம்ம ஜில்லாவுக்கே பெருமைய்யா! எம்புட்டு வருஷ சர்வீஸு?”

“பதினேழு நாளுங்க.”

“அடப் பாவமே, அங்கன போயிப் பதினேழே நாளா! பெட்டி வந்துச்சா?”

“வரல. பெத்தவளுக்கு விளக்கேத்திக் கும்பிட இந்தப் படந்தான். அதுனால சரியா இருக்கணும், மொதலாளி.”

“ஜம்முனு பண்ணிருவோம். ஆர்த்தி, பட்டாளத்து உடம்பு அம்புட்டையும் எடும்மா.”

முத்துப்பாண்டியின் முகம் ஒரு பச்சை உடுப்பின் மேல் போய் உட்கார்ந்தது. செல்லச்சாமி வேண்டாமென்று தலையை ஆட்டினார். தொப்பி வைத்தது ஒன்று வந்தது, அதுவும் வேண்டாம். நெஞ்சு நிறையப் பதக்கம் குத்தியதைக் காட்டினாள். அதற்கும் அதே ஆட்டல்.

மூன்று சரக்கை ஒதுக்குகிறவன் நான்காவதை மனசில் வைத்துக்கொண்டுதான் கடையேறியிருக்கிறான். இது காசிராஜனுக்குக் கடைத்தெரு சொல்லிக்கொடுத்த பாடம். இந்தப் பேரத்தை அவரே முடித்துவைக்கத் துணிந்தார்.

“புரிஞ்சுபோச்சு! பின்னால தேசியக்கொடி பறக்கணும், அதான? பறக்க விட்ருவோம். காசுப் பேச்சே கெடையாது.”

“கொடி வேணாம், மொதலாளி.”

“என்னய்யா நீங்க, நாட்டுக்காக உசுரக் குடுத்த பிள்ளைக்குக் கொடி இல்லாமலா? பெறகு எதைத்தான் போடச் சொல்றீக?”

செல்லச்சாமி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருடைய கழுத்தின் மேலோ மகன் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“அது நம்ம நாட்டுச் சண்டை இல்லைங்க.”

மவுஸில் இருந்த ஆர்த்தியின் கை நின்றது.

“சமையக்காரச் சட்டை இருக்கா, மொதலாளி? அந்த வேலைன்னு சொல்லித்தான் ஏஜென்டுக கூட்டிட்டுப் போனாக.”